அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைச் சிற்றினம் வரை அடையாளம் காணுதல்: வளர்ப்புத் தட்டு முதல் நுண்ணோக்கி வரை

அஸ்பெர்ஜில்லஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்று ஒரு பூஞ்சையைச் சொல்லிவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அது அப்பேரினத்தின் எந்தச் சிற்றினம் என்று சொல்வதற்குக் குறைந்தது பத்து நாள் வேண்டும். பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்து நாளையும் நுண்ணோக்கியின் முன் கழிய வேண்டிய காலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் தவறுகளில் பெரும்பகுதி நுண்ணோக்கியைத் தொடுவதற்கு முன்பே, ஊடகத்திலும் வெப்பநிலையிலும் காற்றோட்டத்திலும் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி தட்டைப் பற்றி நிறையவும் அதன் பிறகே வில்லையைப் பற்றியும் பேசுகிறது. படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் மீதே நிற்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சாபெக் ஈஸ்ட் சாறு அகார், மால்ட் சாறு அகார் ஆகிய இரண்டும் கட்டாயம். இவற்றுடன் நீர்ச்செயல்பாடு, அதாவது பூஞ்சைக்குக் கிடைக்கும் நீர், குறைந்த ஊடகம் ஒன்றும் வேண்டும். 18 விழுக்காடு கிளிசரால் கலந்த டைக்ளோரான் அகார் அதற்கு ஏற்றது. கிரியேட்டின் சுக்ரோஸ் அகார் கிடைத்தால் பயனுள்ளது. ஓட்ஸ் அகார் பாலினப் பெருக்க அமைப்புகளைத் தேடும்போது தேவைப்படும்.

25 டிகிரி செல்சியஸிலும் 37 டிகிரி செல்சியஸிலும் நிலையாக நிற்கும் இரண்டு வளர்ப்புப் பெட்டிகள், முப்பரிமாண உருப்பெருக்கி ஒன்று, 100 மடங்கு எண்ணெய் வில்லை பொருத்திய கூட்டு நுண்ணோக்கி, கண்வில்லை அளவுகோல், அதைச் சரிபார்க்கும் மேடை அளவுகோல், 60 விழுக்காடு லாக்டிக் அமிலம், 70 விழுக்காடு எத்தில் ஆல்கஹால், நுண்முனை ஊசிகள் இரண்டு ஆகியவையும் வேண்டும். ஊசி இரண்டு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடு தயாரிக்கும் படியில் விளக்குகிறேன்.

2. பாதுகாப்பை முதலில் உறுதிசெய்யுங்கள்

இப்பேரினத்தின் வித்துகள் உலர்ந்தவை, இலேசானவை. மூடியைத் திறந்த கணத்திலேயே ஆயிரக்கணக்கில் காற்றில் ஏறிவிடும். அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் நுரையீரலைத் தாக்கவல்லது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் அஃப்ளடாக்சின் என்னும் கல்லீரல் நச்சை உருவாக்கவல்லது. எந்தச் சிற்றினம் என்று தெரியாத நிலையில்தான் தட்டைத் திறக்கிறோம் என்பதால், தெரியாத ஒவ்வொன்றையும் ஃப்யூமிகேட்டஸாகவே கருதி உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் திறக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களும் நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. தட்டை மூக்கருகே கொண்டுசென்று மணம் பார்க்கும் பழக்கம் பழைய விவரிப்புகளில் காணப்படுகிறது. அதை எக்காரணம் கொண்டும் பின்பற்றாதீர்கள்.

3. தூய வளர்ப்பு என்று நிறுவாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

இரண்டு சிற்றினங்கள் கலந்த தட்டு ஒரே சீரான பச்சை நிறத்தில் தோன்றுவது அரிதன்று. அதைப் பார்த்து எழுதும் விவரிப்பு உலகில் இல்லாத ஒரு பூஞ்சையின் விவரிப்பாக முடியும். வித்துகளை மிக நீர்த்த கரைசலாக்கிப் பரப்பி, 24 முதல் 36 மணி நேரத்துக்குள், தனித்து முளைத்த ஒரே வித்தை உருப்பெருக்கியின் கீழ் எடுத்துப் புதிய தட்டுக்கு மாற்றுவதே நம்பகமான முறை.

தட்டின் ஓரத்தில் மெல்லிய கோடுபோலக் காலனிகள் வரிசையாக முளைத்திருந்தால் வளர்ப்புத் தட்டுகளில் புகும் நுண்பூச்சிகள் நடந்து சென்ற தடமாக அது இருக்கலாம். அந்தத் தட்டை உடனே மூடி, அழுத்தக்கலனில் கொன்றுவிடுங்கள். ஒரு பூச்சி ஓர் ஆய்வகத்தின் முழுச் சேகரிப்பையும் கலந்துவிடும்.

4. ஊடகத்தைச் செய்முறைப்படி தயாரியுங்கள்

சாபெக் ஈஸ்ட் சாறு அகாரில் ஒரு லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸும் 5 கிராம் ஈஸ்ட் சாறும் சேர்கின்றன. இவற்றை யாரும் மறப்பதில்லை. மறக்கப்படுவது ஒரு மில்லிலிட்டர் நுண்தாதுக் கரைசல். 100 மில்லிலிட்டர் நீரில் 1 கிராம் துத்தநாக சல்பேட்டும் 0.5 கிராம் தாமிர சல்பேட்டும் கரைத்த கரைசல் அது. இத்துணைச் சிறிய அளவு எதற்கு என்று தோன்றலாம். வித்தின் நிறமி உருவாவதற்குத் தாமிரம் தேவை. தாமிரம் போதாத ஊடகத்தில் அஸ்பெர்ஜில்லஸ் நைகரின் கரிய வித்துகள்கூட மஞ்சளாகவோ வெளிர்பழுப்பாகவோ தங்கிவிடும். நிறத்தை வைத்துப் பிரிவை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் குழுவை, தீர்மானிக்கும் இப்பேரினத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. மிகத் தூய நீரைப் பயன்படுத்தும் ஆய்வகங்களில்தான் இந்தக் குறை மிகுதியாகத் தென்படுகிறது. குழாய் நீரில் தற்செயலாக இருக்கும் தாமிரம் அங்கே இருப்பதில்லை.

மால்ட் சாறு அகார் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு செய்முறைகள் வழங்குகின்றன. ஒன்றில் மால்ட் சாறு மட்டும் லிட்டருக்கு 50 கிராம் சேரும். இன்னொன்றில் 20 கிராம் மால்ட் சாறுடன் குளுக்கோஸும் பெப்டோனும் சேரும். இரண்டிலும் காலனியின் விட்டமும் வித்தடர்த்தியும் மாறுபடும். எந்த விவரிப்போடு ஒப்பிடப்போகிறீர்களோ, அந்த விவரிப்பு எழுதப்பட்ட செய்முறையையே பின்பற்றி, அதைக் குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள். உருளைக்கிழங்கு அகாரில் அழகாக வளர்ந்திருக்கிறது என்று அதை வைத்து அடையாளம் காண முனைபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்த ஊடகம் வளர்த்து வைப்பதற்கு நல்லது, ஒப்பிடுவதற்குப் போதிய விவரிப்புகள் அதில் இல்லை.

5. மூன்று புள்ளிகளில் விதையுங்கள்

உலர்ந்த வித்துகளை ஊசியில் எடுத்துத் தட்டில் வைத்தால், வழியில் சிந்தும் வித்துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காலனியாகி, விட்டத்தை அளக்கவே முடியாமல் செய்துவிடும். ஆகையால் 0.2 விழுக்காடு அகாரும் 0.05 விழுக்காடு ட்வீன் 80 என்னும் நனைப்பியும் கலந்த நீரில் வித்துகளைக் கரைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மைக்ரோலிட்டர் வீதம், சம இடைவெளியுள்ள மூன்று புள்ளிகளில் வையுங்கள். நனைப்பி இல்லாவிட்டால் வித்துகள் நீரின் மேல் மிதக்கும். அகார் இல்லாவிட்டால் துளி ஓடிவிடும்.

சாபெக் ஈஸ்ட் சாறு அகாரில் இரண்டு தட்டுகள் வேண்டும்: ஒன்று 25 டிகிரிக்கு, ஒன்று 37 டிகிரிக்கு. மற்ற ஊடகங்கள் 25 டிகிரியில் ஒவ்வொன்று போதும்.

6. இருட்டில், காற்றோட்டத்துடன், ஏழு நாள்

தட்டுகளைப் பிளாஸ்டிக் படலத்தால் இறுக்கிச் சுற்றுவது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் காற்றுப் பரிமாற்றம் குறைந்தால் வித்துருவாக்கமும் நிறமும் குன்றிப்போகும். படலம் சுற்றிய தட்டில் வெண்பஞ்சு போல இருந்த பூஞ்சை, படலம் அகற்றிய தட்டில் அடர்பச்சையாக வளர்ந்ததை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தட்டுகளைச் சுற்றாமல், காற்று வந்துபோகும் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பைக் காத்துக்கொள்ளுங்கள். அடுக்கிவைத்தால் உயரமாக அடுக்காதீர்கள்; நடுத்தட்டின் வெப்பநிலை ஓரத்தட்டினதைப் போல் இருப்பதில்லை.

ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான். ஐந்தாம் நாளில் அவசரமாகப் பார்ப்பதும், விடுமுறை கழிந்து பதினோராம் நாளில் பார்ப்பதும் ஒப்பீட்டைப் பயனற்றதாக்கும், ஏனெனில் இன்று ஒப்பிடப் பயன்படும் விவரிப்புகள் பெரும்பாலும் ஏழாம் நாளை அடிப்படையாகக் கொண்டவை. ஏழாம் நாள் குறிப்பை எழுதிய பின் தட்டுகளைத் தூக்கி எறியாமல் இரண்டு வாரம் வரை மீண்டும் உள்ளே வைத்திருங்கள். பாலினப் பெருக்க அமைப்புகள் பலவும் அப்போதுதான் முதிர்கின்றன.

7. வெறுங்கண்ணால் காண்பதை முழுமையாக எழுதிமுடியுங்கள்

ஒவ்வொரு காலனிக்கும் விட்டம், மேற்பரப்பு, வித்துகளின் நிறம், இழைகளின் நிறம், விளிம்பு, ஊடகத்தில் கரைந்து பரவும் நிறமி, மேலே திரளும் துளிகள், தட்டின் அடிப்பக்க நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தின் நிறமும் இழையின் நிறமும் வேறுவேறு என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. டி.ஜி.18 எனப்படும் கிளிசரால் ஊடகத்தில் மஞ்சளாகத் தெரியும் ஒரு காலனி உண்மையில் பசுஞ்சாம்பல் வித்துகளும் அவற்றுக்கிடையே மஞ்சள் உருண்டைகளும் கொண்டதாக இருக்கலாம். முப்பரிமாண உருப்பெருக்கியின் கீழ் வைத்தால்தான் அது பிரிந்து தெரியும்.

நிறத்தை வெண்ணிறப் பின்னணியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் நீலப்பச்சைக்கும் மஞ்சட்பச்சைக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோகும்; அந்த வேறுபாடோ ஃப்யூமிகேட்டஸ் பிரிவையும் ஃப்ளேவஸ் பிரிவையும் பிரிக்கும் முதற்கோடு.

உருப்பெருக்கியின் கீழ் வித்துத் தலைகளின் ஒட்டுமொத்த வடிவத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள். வித்துச் சங்கிலிகள் எல்லாப் பக்கமும் கதிர்போல விரிந்து நிற்கின்றனவா, அல்லது ஒன்றோடொன்று ஒட்டி நேரான தூண்போல மேலெழுகின்றனவா என்பது தகடு தயாரித்த மறுகணமே அழிந்துவிடும் பண்பு.

8. தகடு தயாரித்தல்: இரண்டு ஊசிகளும் ஒரு சொட்டு ஆல்கஹாலும்

அதிகமான பிழைகள் நிகழும் படி இது. மால்ட் சாறு அகாரில் வளர்ந்த காலனியையே எடுத்துக்கொள்ளுங்கள். வித்துத் தலையைத் தாங்கும் தண்டுகள் அங்கே சீராக உருவாகின்றன. நடுப்பகுதியைத் தொடாதீர்கள், அங்கே வித்துகள் குவிந்து தலையின் அமைப்பை முற்றிலும் மறைத்திருக்கும். வளரும் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே, நிறம் அப்போதுதான் ஏறத் தொடங்கிய வளையத்தில், ஊசியால் ஒரு சிறு கற்றையை எடுங்கள். தண்டைத் தாங்கும் அடிச்செல் தேவை என்பதால் அகாரின் மேற்பரப்பை இலேசாகக் கீறி எடுக்க வேண்டும். மேலிருந்து நுனியை மட்டும் கிள்ளினால் தண்டின் அடி வராது.

கற்றையைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தில் வைத்து, இரண்டு ஊசிகளால் இரு பக்கமும் மெல்லப் பிரியுங்கள். ஓர் ஊசியால் அழுத்திப் பரப்பினால் தண்டு நுனியிலுள்ள குமிழ்கள் நசுங்கும், தண்டுகள் முறியும். பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டு, சில வினாடிகளில் அதிகப்படியான திரவத்தை ஓரத்திலிருந்து உறிஞ்சி எடுங்கள். வித்துகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் காற்றை ஆல்கஹால் வெளியேற்றுகிறது, தளர்ந்த வித்துகளையும் கழுவிச் செல்கிறது. இதைத் தவிர்த்தவர் காண்பது கரிய காற்றுக்குமிழிகளும் வித்துக் கடலும் மட்டுமே. அதன் பின் புதிதாக ஒரு சொட்டு லாக்டிக் அமிலம் விட்டு மூடுவில்லையை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள்.

பருத்தி நீலச் சாயம் மருத்துவ ஆய்வகங்களில் வழக்கமானது. பேரினத்தைச் சொல்வதற்கு அது போதும். சிற்றினத்துக்குப் போகும்போது தண்டின் சுவர் நிறமற்றதா, மஞ்சளா, பழுப்பா என்பதே ஒரு முக்கியப் பண்பாகிறது; நீலச் சாயம் அதை மூடிவிடும். ஆகவே சாயமில்லாத தகட்டைக் கட்டாயம் ஒன்று வைத்திருங்கள். வெறும் நீரில் தயாரித்த தகடு சில நிமிடங்களில் உலரத் தொடங்கிச் செல்களைச் சுருக்கும். அதில் எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம்.

9. நுண்ணோக்கியில் கீழிருந்து மேலாகப் பாருங்கள்

கண் இயல்பாகவே அழகிய தலையை நோக்கித்தான் போகும். அதைத் தடுத்து அடியிலிருந்து தொடங்குங்கள். அகாருக்குள் ஓடும் இழையின் ஒரு செல் தடித்து, ஆங்கில எல் எழுத்தையோ தலைகீழான டி எழுத்தையோ போன்ற வடிவில் தண்டைத் தாங்கி நிற்கும், அதுவே அடிச்செல். அதைக் கண்டால் பேரினம் ஏறத்தாழ உறுதி. பெனிசிலியம் பூஞ்சையில் அடிச்செல்லும் இல்லை, நுனிக் குமிழும் இல்லை. அதன் தண்டு குறுக்குச் சுவர்களால் பிரிந்திருக்கும், இதன் தண்டில் அவை பொதுவாக இருப்பதில்லை.

அடிச்செல்லைப் பார்க்காமல் தலையை மட்டும் பார்த்தவர்கள் சின்செஃபலாஸ்ட்ரம் என்னும் பூஞ்சையிடம் ஏமாறுவதுண்டு. அதிலும் தண்டின் நுனியில் குமிழ் இருக்கும், அதைச் சுற்றி வித்து வரிசைகள் கதிர்போல நிற்கும். ஆனால் அவ்வரிசைகள் குழல் போன்ற பைகளுக்குள் அடங்கியவை; அதன் இழைகளோ அகன்றவை, குறுக்குச் சுவர் அரிதானவை. இழையைப் பார்த்தால் ஒரு நொடியில் தெளியும் குழப்பம் அது.

அடுத்துத் தண்டு. நீளம், அகலம், சுவரின் நிறம், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பவற்றை எழுதுங்கள். சொரசொரப்பு பெரும்பாலும் குமிழுக்குச் சற்றுக் கீழே தெளிவாக இருக்கும். அதன் மேல் குமிழின் வடிவம்: உருண்டையா, குடுவை போன்றதா, நீண்ட கதாயுத வடிவமா என்பதைப் பாருங்கள்.

பிறகுதான் பேரினத்தின் வகைப்பாட்டுக்கே ஆதாரமான கேள்வி வருகிறது. வித்தை உருவாக்கும் குப்பி வடிவச் செல்லுக்கு ஃபியாலைடு என்று பெயர். அது குமிழின் மேல் நேராக அமர்ந்திருந்தால் ஓரடுக்கு. மெட்டுலா என்னும் தாங்குசெல்லின் மேல் அமர்ந்திருந்தால் ஈரடுக்கு. முதிர்ந்த தலையில் வித்துகள் மெட்டுலாவை மூடிவிடுவதால் ஈரடுக்குத் தலை ஓரடுக்காகத் தோன்றும். நைகர் பிரிவில் இது நாள்தோறும் நிகழும் தவறு. அதனால்தான் இளந்தலைகள் உள்ள வளையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். ஒரு தலையைப் பார்த்து முடிவுசெய்யாமல் குறைந்தது பத்துத் தலைகளையாவது பாருங்கள். ஃப்ளேவஸில் ஒரே காலனியிலேயே இரண்டு வகையும் காணப்படும். குறுகிக் குன்றிய தண்டுகளும் ஆங்காங்கே தோன்றும், அவற்றின் தலை பெனிசிலியத்தை ஒத்திருக்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இறுதியாக வித்து. எண்ணெய் வில்லையில் முதலில் வித்தின் மேற்பரப்பிலும், பிறகு அதன் நடுவெட்டிலும் குவியத்தை நிறுத்துங்கள். நடுவெட்டில் மட்டும் பார்ப்பவருக்குச் சொரசொரப்பான வித்தும் வழவழப்பாகவே தோன்றும்.

10. அளவுகோலைச் சரிபார்த்த பின்னரே அளவெடுங்கள்

மேடை அளவுகோலின் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். 40 மடங்கு வில்லையில் கண்வில்லை அளவுகோலின் 40 பிரிவுகள் மேடையின் 10 பிரிவுகளோடு பொருந்தினால், 100 மைக்ரோமீட்டரை 40ஆல் வகுக்க, ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர் என்று வரும். ஒவ்வொரு வில்லைக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். கண்வில்லையை மாற்றினால் மீண்டும் செய்ய வேண்டும்.

வித்துகளைச் சங்கிலியின் நுனியிலிருந்து அளவிடுங்கள். ஃபியாலைடு நுனியில் ஒட்டியுள்ள வித்து இன்னும் முதிராதது, அளவில் சிறியது, மேற்பரப்பும் வழவழப்பானது. குறைந்தது முப்பது வித்துகளை அளந்து வீச்சை எழுதுங்கள். அரை மைக்ரோமீட்டருக்கும் நுண்ணிய அளவைக் கண்ணால் எடுத்ததாக எழுதுவதில் பொருளில்லை. ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் திறனே ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டரில் நின்றுவிடுகிறது.

11. மறைந்திருக்கும் மற்ற அமைப்புகளைத் தேடுங்கள்

வித்துத் தலைகள் கிடைத்துவிட்டன என்ற நிறைவில் பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரம் ஆன தட்டில் கறுத்த கடினமான மணிகள் தென்பட்டால் அவை ஸ்கிலிரோஷியம் எனப்படும் இழைத்திரட்சிகளாக இருக்கலாம். ஃப்ளேவஸ் பிரிவில் இவை பரவலானவை. மூடிய உருண்டைக் கனியமைப்புகள் தென்பட்டால் அவற்றை நசுக்கி உள்ளே எட்டு வித்துகள் கொண்ட பைகள் உள்ளனவா என்று பாருங்கள். மஞ்சள் கனியமைப்பு, பேரினத்தின் பெயரையே கொண்ட அஸ்பெர்ஜில்லஸ் பிரிவையும், தடித்த சுவருடைய உருண்டைச் செல்கள் சூழ்ந்த, செவ்வூதா வித்துகள் கொண்ட கனியமைப்பு நிடுலன்ஸ் பிரிவையும் காட்டுகின்றன. அந்தத் தடித்த சுவர் செல்களுக்கு ஹ்யூல் செல்கள் என்று பெயர்.

இத்தகைய அமைப்புகள் இல்லாமையை ஒரு பண்பாக எழுதாதீர்கள். ஃப்யூமிகேட்டஸின் பாலினப் பெருக்க நிலை 2009ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. இனச்சேர்க்கைக்குப் பொருந்தும் இரண்டு வகைகளை ஓட்ஸ் அகாரில் சேர்த்து வைத்து ஆறு மாதம் காத்திருந்த பிறகே அது தோன்றியது. 'காணப்படவில்லை' என்று எழுதுவதே சரி.

முன்பு பாலினப் பெருக்க நிலைக்கெனத் தனிப் பேரினப் பெயர்கள் இருந்தன: யூரோஷியம், எமெரிசெல்லா, நியோசார்டோரியா போன்றவை. ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்ற விதி 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் ஏற்கப்பட்ட பின் அவை அனைத்தும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பெயருக்குள் வந்துவிட்டன. பழைய விவரிப்புகளைப் படிக்கும்போது எமெரிசெல்லா நிடுலன்ஸ் என்பதும் அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்பதும் ஒன்றே என்று நினைவில் வைத்திருங்கள்.

12. முதலில் பிரிவு, பிறகே சிற்றினம்

2020ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் இப்பேரினம் 6 துணைப்பேரினங்களும் 27 பிரிவுகளும் 75 தொடர்களும் 446 சிற்றினங்களும் கொண்டதாக வகுக்கப்பட்டது. 446இல் ஒன்றை நேராகத் தேடுபவர் படத்தோடு படத்தை ஒப்பிட்டு ஏமாறுவார். 27இல் ஒன்றைத் தேடுவது எளிது. அதுவும் நாள்தோறும் எதிர்ப்படும் பிரிவுகள் பத்துக்கு மேல் போவதில்லை.

நீலப்பச்சை வித்து, தூண்போன்ற தலை, வழவழப்பான குட்டைத் தண்டு, குடுவை வடிவக் குமிழின் மேற்பாதியில் மட்டும் ஓரடுக்கு ஃபியாலைடு, 37 டிகிரியில் வேகமான வளர்ச்சி: இவை ஃப்யூமிகேட்டஸ் பிரிவு. வித்துகள் 2 முதல் 3.5 மைக்ரோமீட்டர்.

கருநிறத் தலைகள் நைகர் பிரிவு. ஈரடுக்கானவை நைகரைச் சார்ந்தவை. ஓரடுக்கானால் ஜப்பானிகஸ், அக்யூலியேட்டஸ் ஆகியவற்றை நோக்கிப் போங்கள். வித்து 7 மைக்ரோமீட்டருக்கு மேல் இருந்தால் கார்போனேரியஸ் என்று ஐயுறலாம், ஏனெனில் நைகரின் வித்து 3.5 முதல் 5 மைக்ரோமீட்டர்தான். கிரியேட்டின் ஊடகத்தின் ஊதா நிறம் இப்பிரிவின் அமிலத்தால் மஞ்சளாக மாறும்.

மஞ்சட்பச்சைத் தலை, நிறமற்ற சொரசொரப்பான தண்டு என்றால் ஃப்ளேவஸ் பிரிவு. இதற்குள் ஃப்ளேவஸின் வித்து வழவழப்பாகவோ நுண்சொரசொரப்பாகவோ இருக்கும். பாராசைட்டிகஸின் வித்து முள்முள்ளாகத் தெளிவாகத் தெரியும், அதன் தலைகளும் பெரும்பாலும் ஓரடுக்கு. ஃப்ளேவஸ் பொதுவாக பி வகை அஃப்ளடாக்சின்களையும், பாராசைட்டிகஸ் பி, ஜி ஆகிய இரு வகைகளையும் உருவாக்குவதால் இந்தப் பிரிப்பில் கவனம் தேவை. இரும்பு சிட்ரேட் கலந்த தேர்வூடகத்தில் தட்டின் அடிப்பக்கம் செம்மஞ்சளாவது இரண்டுக்கும் பொதுவானது. அது பிரிவை உறுதிப்படுத்தும், சிற்றினத்தைச் சொல்லாது. பிரிவின் நிறம் எப்போதும் மஞ்சட்பச்சை என்றும் கொள்ளாதீர்கள். அதே பிரிவைச் சேர்ந்த டமாரி பழுப்பேறிய ஆலிவ் நிறத்தில் வளரும்.

இலவங்கப்பட்டை நிறம், நெருக்கமான தூண் தலை, ஈரடுக்கு, 2 மைக்ரோமீட்டர் அளவிலான மிகச்சிறு வித்து ஆகியவை டெரியஸ் பிரிவு. அகாருக்குள் மூழ்கிய இழைகளின் பக்கத்தில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் துணைவித்துகளைத் தேடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். காவிமஞ்சள் தலையும் நிறமேறிய சொரசொரப்பான நீள்தண்டும் ஓக்ரேசியஸைக் கொண்ட சர்கம்டாட்டி பிரிவு. கதாயுதம் போன்ற நீண்ட குமிழ் கிளவேட்டஸ் பிரிவு. குட்டையான பழுப்புத் தண்டுடன் ஹ்யூல் செல்களும் இருந்தால் நிடுலன்ஸ் பிரிவு. முன்பு தனியாக இருந்த வெர்சிகலர் கூட்டமும் இப்போது இதற்குள் ஒரு தொடராக அடங்கியிருக்கிறது.

மால்ட் அகாரில் ஏழு நாளாகியும் சில மில்லிமீட்டருக்கு மேல் வளராத பூஞ்சையை நோயுற்றதென்று எறிந்துவிடாதீர்கள். அது கிளிசரால் ஊடகத்தில் விரைந்து பரவினால், வறட்சியை விரும்பும் அஸ்பெர்ஜில்லஸ் பிரிவைச் சேர்ந்ததாக இருக்கும். அந்த மூன்றாவது ஊடகத்தை முதல் நாளே விதைக்கச் சொன்னது இதற்காகத்தான். பிறகு விதைத்தால் மேலும் ஒரு வாரம் போய்விடும்.

வெண்ணிறத் தலைகள் கேண்டிடஸ் பிரிவைக் குறிக்கலாம். ஆனால் பிற பிரிவுகளின் நிறமிழந்த வகைகளும் வெண்மையாக வரும். குமிழும் தண்டும் கேண்டிடஸோடு ஒத்துவராவிட்டால் நிறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அமைப்பை நம்புங்கள்.

13. உருவம் நிற்கும் இடத்தில் டி.என்.ஏ. வரிசைக்குச் செல்லுங்கள்

பிரிவுக்குள் நுழைந்த பிறகு சில இணைகளை உருவத்தால் பிரிக்க முடியும். ஃப்யூமிகேட்டஸ் 50 டிகிரியில் வளரும், அதைப்போலவே தோன்றும் லென்டுலஸ் அங்கே வளராது. அதன் வித்துருவாக்கமும் மந்தமானது. லென்டுலஸ் பல பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுக்கு எளிதில் பணியாதது என்பதால், வித்து குறைந்த வெண்மையான ஃப்யூமிகேட்டஸ் என்று தோன்றும் எதையும் 50 டிகிரியில் வைத்துப் பாருங்கள்.

மற்ற பல இணைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பிரிக்க இயலாது. நைகரும் ட்யூபிஞ்சென்சிஸும் அப்படிப்பட்டவை. நுண்ணோக்கியை மட்டும் வைத்து ஒருவர் நைகர் என்று எழுதினால், அது நைகர் கூட்டம் என்றே படிக்கப்பட வேண்டும், அவரும் அப்படியே எழுத வேண்டும்.

வரிசை பார்க்கும்போது ஐ.டி.எஸ். பகுதியை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது பரவலான பிழை. பூஞ்சைகள் அனைத்துக்கும் பொதுவான அடையாளப் பகுதியாக அது 2012இல் முன்மொழியப்பட்டது உண்மைதான். ஆனால் இப்பேரினத்தில் அது பிரிவு வரை கொண்டுசேர்க்கும். நெருங்கிய சிற்றினங்களில் அப்பகுதி ஒன்றாகவே இருக்கும். கால்மோடுலின் மரபணுவே இங்கே சிற்றினத்தைப் பிரிக்கும் துணை அடையாளம். பீட்டா டியூபுலின் அதற்கு அடுத்த துணை. தரவுத்தளம் முதலில் காட்டும் பெயரை அப்படியே எடுக்காமல், ஒப்பிடப்பட்ட வரிசை, அச்சிற்றினப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். தரவுத்தளங்களில் தவறான பெயருடன் இடப்பட்ட வரிசைகள் உண்டு.

வரிசையும் உருவமும் முரண்பட்டால் உருவத்தைத் தூக்கி எறியாதீர்கள். வரிசை ஃப்ளேவஸ் என்கிறது, தட்டிலோ கருந்தலைகள் என்றால், மாதிரி மாறியிருக்கிறது அல்லது வளர்ப்பு கலந்திருக்கிறது. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

14. குறிப்பும் சேமிப்பும்

பெயரை எழுதும் தாளிலேயே ஊடகத்தின் செய்முறை, விதைத்த நாள், வெப்பநிலை, தகட்டில் பயன்படுத்திய திரவம், அளந்த வித்துகளின் எண்ணிக்கை, பார்த்த மரபணுப் பகுதி ஆகியவற்றையும் எழுதுங்கள். இப்பேரினத்தின் எல்லைகள் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கின்றன. நாளை ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிந்தால் உங்கள் பெயர் பயனற்றுப்போகலாம், உங்கள் அளவுகள் அப்போதும் பயன்படும்.

வித்துகளை 10 முதல் 20 விழுக்காடு கிளிசராலில் கரைத்து, கழித்தல் 80 டிகிரியில் குறைந்தது இரண்டு குப்பிகளில் வையுங்கள். ஒரு குப்பி வேலைக்கு. மற்றொன்றை, அடையாளத்தில் ஐயம் எழுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிய நாள் வரும்வரை திறக்காதீர்கள்.